மன்னரின் தலையையும் வெட்டிய கை: பரிஸ் நகரின் அலுகோசு சான்சன்

அலுகோசு என்ற சொல் எங்கள் பத்திரிகைகளில் அவ்வப்போது தலைகாட்டும். சிறைச்சாலையில் அந்தப் பதவிக்கு ஆள் தேடும்போது அது செய்தியாகிவிடும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. நீதிமன்றம் விதித்த மரணதண்டனை எதுவும் 1976இன் பின்னர் இலங்கையில் நிறைவேற்றப்படவில்லை என்பதால், சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிரான்ஸில் ஒரே குடும்பம் 1688 முதல் 1847 வரை, ஆறு தலைமுறையாக, தலைநகரின் அலுகோசாக இருந்தது. நான்காவது தலைமுறைக்காரர் சார்ள் ஹென்றி சான்சன். 1739 பெப்ரவரி 15ஆம் திகதி பிறந்தவர். தந்தை பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு 15 வயது. அந்த வயதிலேயே வாளும் கயிறும் அவர் கைக்கு வந்தன.

அந்தக் குடும்பத்துக்கு வருமானம் இருந்தது, மதிப்பு இருக்கவில்லை. சந்தைக்கு வரும் தானியத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் உரிமை அலுகோசுக்கு இருந்தது. ஆனால் அவர் தொட்டதை வாங்க யாரும் விரும்பவில்லை. பாண் கடையில் அவருக்கான பாணைக் கவிழ்த்து வைப்பார்களாம். பிள்ளைகளுக்கு இன்னொரு அலுகோசுக் குடும்பத்தில்தான் பெரும்பாலும் சம்பந்தம். சான்சனின் சகோதரர்களும் வேறு நகரங்களில் இதே தொழில்தான் செய்தார்கள். தீட்டு என்பது எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

1766 மே 9ஆம் திகதி அவருடைய மேடைக்குக் கொண்டுவரப்பட்டவர் தமிழருக்கும் தெரிந்த ஒருவர். பிரெஞ்சுத் தளபதி லாலி. 1758இல் நாகூரைக் கொள்ளையிட்டு, தஞ்சாவூரை முற்றுகையிட்டு, 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்று, மறு ஆண்டு புதுச்சேரியையும் இழந்தவர். அரசனின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று பரிஸில் தீர்ப்பு வந்தது. தமிழ் மண்ணில் அவர் செய்தவற்றுக்காக அல்ல, தோற்றதற்காகவே அவரைக் கொன்றார்கள். பேசிவிடக்கூடாது என்று வாயை அடைத்துக் கொண்டுவந்தார்கள். 27 வயதுச் சான்சனின் முதல் வெட்டு பிழைத்தது. இரண்டாம் முறையும் வாள் ஓங்க வேண்டியிருந்தது. 12 ஆண்டுகளின் பின்னர் 1778இல் அந்தத் தீர்ப்பு பிழை என்று அரசனின் சபையே அதனை இரத்துச் செய்தது.

புரட்சி 1789இல் வந்தபோது, யார் யார் குடிமக்கள் என்ற விவாதம் பாராளுமன்றத்தில் எழுந்தது. புரட்டஸ்தாந்தினர், யூதர், நடிகர் ஆகியோரோடு அலுகோசுகளின் உரிமையும் அங்கே பேசப்பட்டது. செய்யும் தொழிலைக் காரணம் காட்டி எவரையும் விலக்கமுடியாது என்ற நிலைப்பாடு வென்றது. சான்சன் உடனேயே அதைப் பயன்படுத்தினார். அரச ஆதரவாளர்களின் அச்சகம் அவர் வீட்டில் இயங்குகிறது என்று எழுதிய பத்திரிகையாளர்கள்மீது 1790இல் வழக்குப் போட்டார். அவர்களில் ஒருவரான கோர்சா, 1793 ஒக்ரோபரில் கில்லட்டினில் கொல்லப்பட்டார்.

எல்லோருக்கும் ஒரே விதமான மரணம் என்பது புரட்சியின் சமத்துவக் கொள்கைகளில் ஒன்று. பிரபுவுக்கு வாள், ஏழைக்குக் கயிறு என்ற பழைய வேறுபாடு போகவேண்டும் என்றார்கள். அப்போது சான்சன் அமைச்சருக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஒரு நாளில் பலரை வாளால் வெட்டமுடியாது, வாள் மழுங்கும், முன்னால் சென்றவரின் இரத்தத்தைப் பார்ப்பவர் நிலைகுலைந்துவிடுவார் என்பது அதன் சாரம். நேர்மையான தொழில் அறிக்கைதான். இரக்கம் கேட்ட அந்த அறிக்கையின் பலனாக வந்தது வேகம். மருத்துவர் லூயி வடிவமைக்க, இசைக்கருவி செய்பவரான ஷ்மிட் கட்டிய இயந்திரம், 1792 ஏப்ரல் 25ஆம் திகதி ஒரு வழிப்பறிக்காரனின் தலையை வெட்டித் தன் வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில், வெட்டிய தலையைக் கூட்டத்துக்குக் காட்டச் சென்ற சான்சனின் மகன் ஒருவர் மேடையிலிருந்து தவறி விழுந்து இறந்தார்.

அந்த இயந்திரத்துக்கான சட்டத்தில் 1792 மார்ச்சில் ஒப்பமிட்டவர் பதினாறாம் லூயி மன்னர். 1793 ஜனவரி 21ஆம் திகதி அதே இயந்திரத்தின் கீழே அவர் படுத்தார். சான்சனுக்கு அதுவரை வேலை தந்தவரும் அவர்தான். மன்னர் கோழையாக இறந்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. சான்சன் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். மன்னர் நிதானமாகவும் உறுதியாகவும் இறந்தார் என்றும், அந்த உறுதி அவருடைய சமய நம்பிக்கையிலிருந்து வந்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டார். கொன்றவர், கொல்லப்பட்டவருக்குச் சாட்சி சொன்னார். அந்த நாட்களில் அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். ஆனால் அடுத்த நாளும் அவர் வேலைக்குப் போனார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1794 யூனில் புதிய சட்டம் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லை. சாட்சிகளை விசாரிக்கத் தேவையில்லை. விடுதலை அல்லது மரணம், வேறு தீர்ப்பு இல்லை. யூன் 14 முதல் யூலை 27 வரை, நகரின் கிழக்கு எல்லையில் மட்டும் 1,306 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சாதாரண குடிமக்கள். உடல்களை இரவோடிரவாக வண்டிகளில் ஏற்றி, பிக்புஸ் என்ற இடத்தில் இரண்டு பெருங்குழிகளில் கொட்டினார்கள். உறவினருக்கு அறிவிக்கவில்லை. தகப்பனதும் சகோதரனதும் உடல்களை ஏற்றிய வண்டியைப் பின்தொடர்ந்து போன ஓர் ஏழைப் பெண்ணால்தான் இடம் தெரியவந்தது என்று சொல்கிறார்கள். பின்னர் உறவினர்கள் அந்த நிலத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். இன்று அங்குள்ள தேவாலயச் சுவர்களில் 1,306 பெயர்களும், வயதும் தொழிலும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பரிஸில் இருக்கும் எங்கள் ஆட்கள் நாசியோன் பக்கம் போனால் நடந்தே போய்ப் பார்க்கலாம்.

யூலை 28ஆம் திகதி ரொபெஸ்பியரே மேடைக்கு வந்தார். அதற்கு முன் தாந்தோன் வந்திருந்தார். எல்லோரையும் அங்கே அனுப்பிய அரச வழக்குத்தொடுநர் பூக்கியே தான்வில் 1795 மே மாதம் அதே வழியில் போனார். மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்று அவர் வாதாடியது எடுபடவில்லை. சான்சனை எவரும் விசாரிக்கவில்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் அவருக்கு ஒரு பட்டியல் வந்தது, கீழே ஓர் ஒப்பம் இருந்தது. ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்ற அவர், 1795இல் மகன் ஹென்றியிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார்.

அவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார்? அவர் பெயரில் நினைவுக்குறிப்புகள் வெளிவந்தன. அவை அவர் எழுதியவை அல்ல. அவற்றில் வரும் கண்ணீரையும் கனவுகளையும் நான் இங்கே தவிர்த்திருக்கிறேன். 1806 யூலை 4ஆம் திகதி அவர் இறந்தார்.

பதவி மகனுக்கும், பிறகு பேரனுக்கும் போனது. பேரன் சூதாடிக் கடன்பட்டு, கில்லட்டினையே அடகு வைத்துவிட்டார். தண்டனை நிறைவேற்ற இயந்திரம் தேவைப்பட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. அரசு கடனைக் கட்டி இயந்திரத்தை மீட்டது. 1847இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது.