வாயை மூடித் தூங்கச் சொன்ன ஓவியர்

தொட்டிலில் குழந்தை கண் அயர்கிறது. பால் குடித்த வாய் இன்னும் சற்றே திறந்திருக்கிறது. தாய் குனிந்து, விரலால் அந்தச் சின்ன உதடுகளைச் சேர்த்து மூடுகிறாள். மெல்ல ஓர் அழுத்து. அவ்வளவுதான். குழந்தை மூக்கால் மூச்சு விட்டபடி தூங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடி மக்களிடம் இருந்த வழக்கம் இது. அவர்களைத்தான் வெள்ளைக்காரர்கள் செவ்விந்தியர் என்று அழைத்தார்கள். 1830-களில் இதை உற்றுக் கவனித்தவர் ஓர் ஓவியர். அவர் வைத்தியர் அல்ல. பல் டாக்டரும் அல்ல. ஆனாலும் தூக்கம், மூச்சு, பல் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம், 150 ஆண்டுகள் கழிந்த பிறகும் பேசப்படுகிறது.

அவர் பெயர் ஜார்ஜ் காட்லின்.

கோர்ட்டு மேஜையில் படம்

1796-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்பாரி என்ற ஊரில் காட்லின் பிறந்தார். வீட்டில் 14 குழந்தைகள். இவர் ஐந்தாவது.

இவருடைய தாயார் சிறுமியாக இருந்தபோது, 1778-ல் நடந்த ஒரு சண்டையில் பழங்குடி வீரர்களிடம் பிடிபட்டு, பிறகு விடுதலையானவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகனுக்குப் பயம் வரவில்லை. அந்த மக்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் வந்தது.

தகப்பனார் வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஆனால் கோர்ட்டில் இவருடைய கை சும்மா இருக்காது. நீதிபதி, ஜூரிகள், கூண்டில் நிற்கும் கைதி எல்லோரையும் மேஜைப் பலகையிலேயே வரைந்து தள்ளுவார். கடைசியில் சட்டப் புத்தகங்களை விற்றுவிட்டார். பிலடெல்பியா நகரத்துக்குப் போய், உள்ளங்கைக்குள் அடங்கும் முகப் படங்கள் வரைந்து பிழைத்தார்.

அந்த நகரத்துக்கு ஒரு முறை மேற்குத் திசையிலிருந்து பழங்குடித் தலைவர்கள் சிலர் வந்தார்கள். இறகு முடியும் தோல் அங்கியும் நிமிர்ந்த நடையும் காட்லினை மயக்கிவிட்டன. இந்த மக்களின் வாழ்வு அழிவதற்குள் அவர்களை வரைந்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1828-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1830-ல் மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, செயின்ட் லூயி நகரத்துக்குக் கிளம்பினார்.

மாண்டன் கிராமம்

1832-ல் ஒரு நீராவிக் கப்பலில் ஏறி, மிசூரி ஆற்றில் சுமார் 2,000 மைல் எதிர்நீச்சலாகப் போனார். மண்ணால் மூடிய வட்ட வீடுகளில் வாழ்ந்த மாண்டன் என்ற மக்களிடம் தங்கினார். நான்கு கரடிகள் என்று பெயர் பெற்ற அவர்களுடைய தலைவரைப் படமாக வரைந்தார்.

படத்தைப் பார்த்து கிராமமே கூடிவிட்டது! படத்தில் இருக்கும் கண்கள் நகர்கின்றன என்று சிலர் அஞ்சினார்கள். மனிதனின் உயிரில் ஒரு பங்கை இவர் எடுத்துவிட்டார் என்று கூடச் சந்தேகப்பட்டார்கள்.

முகம் வரைகிறவன் முகத்தைப் பார்க்காமல் முடியுமா? காட்லின் மணிக்கணக்கில் முகங்களைப் பார்த்தார். அவருடைய கண்ணில் பட்டது பல் வரிசை. வைத்தது போல ஒழுங்காக, நெருக்கடி இல்லாமல், முதியவர்களுக்கும் கெட்டியாக இருந்த பற்கள். மாண்டன் மக்கள் இறந்தவர்களின் மண்டை ஓடுகளைப் புல்வெளியில் வட்டமாக அடுக்கி வைப்பார்கள். இப்படிப்பட்ட மண்டை ஓடுகளையும் அவர் சோதித்துப் பார்த்தார். அங்கும் அதே பல் வரிசை!

தூங்கும் விதத்தையும் பார்த்தார். பெரியவர்கள் வாயை மூடித் தூங்கினார்கள். கைக்குழந்தையை ஒரு பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் சின்னத் தலையணை கொடுத்தார்கள். தலை சற்றே முன்பக்கம் குனியும், வாய் மூடிக்கொள்ளும். (இன்றைய டாக்டர்கள் கைக்குழந்தைக்குத் தலையணையே கூடாது என்கிறார்கள். தாய்மார்கள் இந்த ஒன்றை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

1837-ல் மாண்டன் கிராமங்களில் அம்மை நோய் புகுந்தது. மிஞ்சியவர்கள் மிகச் சிலரே. நான்கு கரடிகளும் மாண்டுபோனார். அவர்களுடைய முகங்கள் காட்லினின் துணிகளில்தான் எஞ்சின.

தன் உடம்பிலேயே சோதனை

காட்லின் மேற்கே போனபோது வயது 34. மிகவும் பலவீனமான உடம்பு. நுரையீரல் நோய் என்று டாக்டரும் நண்பர்களும் நினைத்தார்கள். காலையில் எழுந்தால் நெஞ்சு வலிக்கும்.

வாயைத் திறந்து வைத்துத் தூங்குவதே காரணம் என்று அவருக்குத் தோன்றியது. தினமும் படுக்கும்போது உதடுகளை இறுக்கி மூடி, அப்படியே தூங்கப் பழகினார். பழைய பழக்கம் லேசில் விடவில்லை. பல நாள் போராடித்தான் வென்றார். அதன் பிறகு வெட்டவெளியிலும் ஈரத் தரையிலும் படுத்துச் சுகமாகத் தூங்கியதாக எழுதினார். இதில் மூடிய வாயின் பங்கு எவ்வளவு, புல்வெளிக் காற்றும் குதிரைச் சவாரியும் தந்த பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

கடனும் கண்ணீரும்

சில ஆண்டுகளில் அவரிடம் 500-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. 1837-ல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தார். பிறகு கடல் கடந்து லண்டனுக்குப் போனார். 1845-ல் பாரிஸ். பிரெஞ்சு ராஜா லூயி பிலிப்பே வந்து பாராட்டினார்.

அதே 1845-ல் கிளாரா நிமோனியாக் காய்ச்சலில் இறந்தாள். மறு ஆண்டு ஒரே மகனும் போனான். மூன்று பெண் குழந்தைகளோடு ஓவியர் நின்றார். படங்களை விலைக்கு வாங்க அமெரிக்கக் காங்கிரஸ் சபை மறுத்தது. 1852-ல் கடன் கழுத்தை நெரித்தது. குழந்தைகளை மனைவியின் உறவினர் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். படங்களை பிலடெல்பியாவின் ரயில் எஞ்சின் தொழில் அதிபர் ஹாரிசன் வாங்கிக் கடனை அடைத்தார். அவை அவருடைய தொழிற்சாலையில் போய் அடைந்தன.

எல்லாம் இழந்த மனிதர் தென் அமெரிக்கா போனார். அங்கும் பழங்குடி மக்களை வரைந்தார். அவர்களுடைய வாயையும் பல்லையும் பார்த்தார்.

சின்னப் புத்தகம்

1860-களின் தொடக்கத்தில் அந்தப் புத்தகம் வந்தது. பிறகு அது பெற்ற தலைப்பு: வாயை மூடு, உயிரைக் காத்துக்கொள்! உள்ளே அவரே வரைந்த வேடிக்கைப் படங்கள். வாயைப் பிளந்து தூங்குகிறவர்களின் கோலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நம் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டே என்று நினைவும் வரும்.

மூக்கு காற்றைச் சூடாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது. இரவெல்லாம் வாய் திறந்திருந்தால் பல்லும் ஈறும் உலர்ந்து கெடும். வளரும் குழந்தைக்குப் பல் வரிசை கோணலாகும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதில் சரி எவ்வளவு?

பெரும் பகுதி சரி. உமிழ்நீர் பல்லுக்குக் காவல்காரன். அது உலர்ந்தால் சொத்தையும் ஈறு நோயும் சுலபமாக வரும். இன்னொன்றும் உண்டு. வாயின் கூரை எதுவோ அதுவே மூக்கின் தரை! வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் படிந்து, தாடையை அகலமாக வளர விடுகிறது. எப்போதும் வாய் திறந்திருக்கும் குழந்தைக்கு நாக்கு கீழே இறங்கிவிடும். அண்ணம் குறுகி உயரலாம். பல்லுக்கு இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூக்கின் வழியும் ஒடுங்கும்.

ஆனால் காட்லின் அளவுக்கு மீறியும் போனார். உலகத்து நோய்களில் பாதியை அவர் திறந்த வாயின் தலையில் கட்டினார். பழங்குடி மக்கள் மென்று தின்ற கடினமான உணவையும், அதில் சர்க்கரை இல்லாததையும் அவர் போதிய அளவு எடை போடவில்லை. மன உறுதி இருந்தால் எவரும் வாயை மூடித் தூங்கலாம் என்று நம்பினார்.

மூக்கே அடைத்திருந்தால் பாவம், குழந்தை என்ன செய்யும்? மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையை 1868-ல் விளக்கியவர், கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர். அந்தச் சதையோ டான்சிலோ வழியை மறித்தால் வாயைத் திறக்காமல் மூச்சு விட முடியாது. ஆகவே வாயில் பிளாஸ்திரி ஒட்டித் தூங்கும் இந்தக் காலத்து மோகம் ஆபத்தானது. முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும்.

காட்லினுக்குத் தெரியாத இன்னொரு விஷயம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, வழியை அடைத்துவிடுகிறது. பலத்த குறட்டை, திடீர் மௌனம், பிறகு திணறி ஒரு மூச்சு. பகலெல்லாம் தூக்கக் கலக்கம். இது எப்படி நிகழ்கிறது என்பதை ஐரோப்பிய டாக்டர்கள் 1965-ல்தான் கருவிகளை வைத்துப் பதிவு செய்தார்கள்.

பல் டாக்டர் என்ன செய்வார்?

இங்கேதான் பல் வைத்தியம் வருகிறது. 1902-ல் பாரிஸ் டாக்டர் பியேர் ரோபன், கீழ்த் தாடையை முன்னால் நிறுத்தும் ஒரு வாய்க் கருவியைப் பற்றி எழுதினார். சிறிய தாடை உள்ள குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதை 1923-ல் எடுத்துக் காட்டினார். இன்று பல் டாக்டர்கள் பல்லை அச்சு எடுத்துச் செய்து தரும் குறட்டைக் கருவிக்கும் அடிப்படை அதே யுக்திதான். இரவில் மாட்டிக்கொண்டால் தாடை சற்று முன்னே நிற்கும், நாக்கும் கூட வரும், தொண்டை திறக்கும்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. நோய் கடுமையாக இருந்தால், 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்று இயந்திரம்தான் அதிகப் பலன் தரும். அதைத் தாங்க முடியாதவர்களுக்கும், நோய் மிதமாக உள்ளவர்களுக்கும் வாய்க் கருவி உதவும். எது வேண்டும் என்பதைத் தூக்கப் பரிசோதனை செய்த பிறகு டாக்டர் சொல்வார். கருவி போட்டவர்களுக்குத் தாடை வலியோ, பல் கடிப்பில் மாற்றமோ வரலாம். அடிக்கடி போய்க் காட்ட வேண்டும்.

குழந்தை தினமும் குறட்டை விட்டால், வாய் திறந்தே தூங்கினால், பல்லை நறநறவென்று கடித்தால், பல் டாக்டரிடமும் காது மூக்கு டாக்டரிடமும் காட்டுங்கள். குறுகிய அண்ணத்தைக் கருவி வைத்து மெல்ல அகலப்படுத்துவதால் சில குழந்தைகளுக்கு மூச்சும் எளிதாகிறது. தாடை வளர்கிற வயதில்தான் இது சுலபம்.

கோபுர அறை

காட்லினுக்கு முதுமையில் காது மந்தமாகிவிட்டது. 1872-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிலையத்தின் தலைவர் ஜோசப் ஹென்றி, தம் கட்டிடத்தின் கோபுரத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார். 76 வயதுக் கிழவர் அங்கே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். பழைய படங்களை அரசாங்கம் வாங்கும் என்று கடைசி வரை எதிர்பார்த்தார். நோய் முற்றியதும் மகள்கள் இருந்த ஜெர்சி நகரத்துக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அங்கே காலமானார்.

1879-ல் ஹாரிசனின் விதவை, தொழிற்சாலையில் கிடந்த படங்களை ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். நெருப்பும் தண்ணீரும் பட்டுச் சில கெட்டிருந்தன. நான்கு கரடிகளின் படம் தப்பியது. அது இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது.