உயிர் காக்கும் பட்டை தந்த நில்ஸ் போலின்

சுவீடன் நாட்டின் ஹார்னோசாண்ட் நகரில் 1920ஆம் ஆண்டு நில்ஸ் போலின் பிறந்தார். பொறியியல் கற்ற அவர், சாப் விமான நிறுவனத்தில் சேர்ந்து, ஆபத்து வேளையில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

1958இல் வோல்வோ மகிழுந்து நிறுவனம் அவரைப் பாதுகாப்புப் பொறியாளராக அமர்த்தியது. அந்நாளில் பல மகிழுந்துகளில் இருக்கைப் பட்டையே இல்லை. இருந்தவையும் பெரும்பாலும் இடுப்பை மட்டுமே சுற்றியிருந்தன. வண்டி மோதியபோது உடலின் மேற்பகுதி முன்னே பாய்ந்தது; வயிற்றை அழுத்திய பட்டையே உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தியதும் உண்டு. விமானி அணியும் பல வார்களை மக்கள் நாள்தோறும் பூட்டிக்கொள்ள விரும்பார் என்பதைப் போலின் உணர்ந்தார். ஆகவே, ஒரு கையாலேயே பூட்டத்தக்க எளிய பட்டையை உருவாக்கினார். மூன்று இடங்களில் பொருத்தப்பட்டு, மார்பையும் இடுப்பையும் ஒருசேரத் தாங்கும் அப்பட்டை 1959இல் மகிழுந்துகளில் இடம்பெற்றது.

பிற நிறுவனங்களும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்த வோல்வோ இசைந்தது. ஆயினும், மக்கள் அதனை உடனே ஏற்கவில்லை. போலின் மனந்தளராமல் 28,000 விபத்துகளை ஆராய்ந்து, 1967இல் அதன் பயனை மெய்ப்பித்தார். நம் மலேசியாவில் 1979இல் முன்னிருக்கையினருக்கும் 2009இல் பின்னிருக்கையினருக்கும் பட்டை அணிதல் சட்டமாயிற்று. போலின் 2002இல் இயற்கை எய்தினார்.

அன்பு மாணவர்களே! பூட்டாது தொங்கும் பட்டை எவரையும் காவாது. அருகிலுள்ள கடைக்குச் செல்லினும், பின்னிருக்கையில் அமரினும் அதனை அணிவீர், பெற்றோர்க்கும் நினைவூட்டுவீர்.