எந்திரத்தை எளியோர்க்கு ஆக்கியவர்

நுழையும்முன்

தண்டலத்தைக் கடந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலைகளில் இன்று ஊர்திகளும் மின்னணுக் கருவிகளும் உருவாகும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பொழுது விடியும் முன்பே பணியாளர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் விரைகின்றன. எந்திரத்தோடு இயைந்த இவ்வாழ்க்கை தமிழ்நாட்டிற்கு ஒரே நாளில் வாய்த்ததன்று. எந்திரம் என்றாலே கப்பலில் வந்து இறங்கும் அயல்நாட்டுப் பொருள் என்றிருந்த காலத்தில், அதனை இம்மண்ணிலேயே செய்யவும் எளியவர் வாங்கும் விலைக்குக் கொண்டுவரவும் உழைத்தவர்களுள் ஒருவர் கோவை ஜி.டி. நாயுடு. அவரது வாழ்க்கையே இப்பாடம்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டு நீங்கினார். ஆயினும் கற்பதை அவர் நிறுத்தவில்லை. கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளையும் அஃது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது.

ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை ஒருநாள் அவர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதனைத் தமதாக்கிக்கொள்ள விரும்பிக் கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த முந்நூறு ரூபாயைக் கொடுத்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊர்சுற்றவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் அறிந்தார், மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பொறியியல் நூலாயிற்று.

எந்திரக் காலமும் கோவையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜேம்சு வாட் செம்மைப்படுத்திய நீராவி எஞ்சின், கைத்தொழிலை ஆலைத்தொழிலாக மாற்றியது. அம்மாற்றத்தின் அலை தென்னிந்தியாவையும் வந்தடைந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை இருப்புவண்டி ஓடியது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. கதிரவனைப் பார்த்து நேரம் கணித்த மக்கள் ஆலைச் சங்கொலியைக் கேட்டு நேரம் அறியலாயினர். வயலில் மழையும் வெயிலும் வகுத்த வேலைநாளை ஆலையில் கடிகாரம் வகுத்தது.

இச்சூழலில் இளைஞரான நாயுடு திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கிப் பொருள் ஈட்டினார். பின்னர்ப் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் இறங்கி, ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார். இழப்பு அவரது ஊக்கத்தைக் குலைக்கவில்லை.

சாலையில் வந்த மாற்றம்

தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்சின் உதவியோடு நாயுடு 1920இல் ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம். சில ஆண்டுகளிலேயே அது நாட்டின் திறன்மிக்க பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாகப் பெயர்பெற்றது.

மாட்டு வண்டியில் நெடும்பொழுது செல்லவேண்டிய ஊர்களுக்குச் சில மணிநேரத்தில் போய்த் திரும்ப முடிந்தது. சந்தை, மருத்துவமனை, கோயில், உறவினர் இல்லம் ஆகிய யாவும் அருகில் வந்தன. வண்டி புறப்படும் நேரத்திற்கு ஏற்பப் பயணிகளும் தம் நாளை அமைத்துக்கொள்ளப் பழகினர்.

நீர் இறைத்த மோட்டார்

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்தபோதும் அதனைப் பயன்படுத்தும் மோட்டார்கள் வெளிநாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தன. மோட்டார் பழுதுபட்டால் அதற்குரிய உறுப்புக்காகவும் கடல்கடந்து காத்திருக்கவேண்டிய நிலை. இக்குறையை நீக்க நாயுடு முனைந்தார். பாலசுந்தரம் நாயுடு என்னும் பொறிஞருடன் இணைந்து, பீளமேட்டில் இருந்த தமது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில் 1937இல் மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

கொங்கு நாட்டில் கிணற்று நீரை இறைக்கக் 'கவலை' பயன்பட்டது. தோலால் ஆன பறியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்குவர். இணைமாடுகள் சரிவில் இறங்கி நடக்கும்போது நீர் நிறைந்த பறி மேலே வரும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறினால் பறி மீண்டும் கிணற்றுள் இறங்கும். மின்மோட்டார் பொருத்திய நீரேற்றிகள் பரவியபின் இவ்வுழைப்பு மெல்ல மறைந்தது.

விலையும் அறிவும்

ஒரு கருவியைச் செய்துமுடிப்பதோடு தம் பணி முடிந்ததாக நாயுடு கருதவில்லை. அதன் விலை சாதாரணக் குடும்பத்திற்கு எட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய 'ரசாந்த்' என்னும் முகம் மழிக்கும் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி ஆகியன அவர் வடித்தவை. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த 1941இல், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலியை எழுபது ரூபாய்க்குச் செய்யமுடியும் என்று அறிவித்தார்.

கல்விப் பணி

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிலையம் உருவாக நாயுடு துணைநின்றார். அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பொறியியலைக் கற்க நான்காண்டுகள் தேவையில்லை, பட்டறைப் பயிற்சியோடு இணைத்துக் கற்பித்தால் ஈராண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. ஏட்டறிவுக்கும் கையறிவுக்கும் இடையே பிளவு கூடாது என்ற தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமின்றிப் பதவியிலிருந்து விலகினார். அந்நிலையமே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்துள்ளது.

மறுக்கப்பட்ட உரிமம்

1952இல் இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய். ஆனால் பெருந்தொழில்களுக்கு அரசின் உரிமம் கட்டாயமாக இருந்த காலம் அது. காரைப் பெருமளவில் செய்வதற்கான உரிமம் அவருக்குக் கிடைக்கவில்லை. எளியவரின் கார் என்ற எண்ணம் பட்டறையோடு நின்றுபோயிற்று.

கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு 1993இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின் 1998இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களை உருவாக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கைகள் தரமான கார்களைச் செய்யவல்லவை என்பதை இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது. நாயுடு அதனைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம்பினார். ஆனால் அந்நம்பிக்கை நிறைவேறியதைக் காண அவர் உயிரோடு இல்லை.

நிறைவு

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் அவரது கண்டுபிடிப்புகளைக் காத்துவருகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் முதன்முறையாக ஓர் எஞ்சினைப் பிரித்து, ஒரு திருகாணியும் மிஞ்சாமல் மீண்டும் பூட்டும் மாணவர், கலங்கல் இளைஞர் தாமே கண்டுகொண்ட வழியிலேயே கற்கிறார்.