மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (1903 – ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற சதுரங்க வீரர் ஆவார். சிறுவயதில் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கம் பயின்றார். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இவரது திறமையைக் கண்ட நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான், ஐரோப்பிய விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

1928இல் அனைத்திந்திய வாகையரான சுல்தான் கான், 1929இல் உமர் ஹயாத் கானுடன் இலண்டன் சென்றார். அவ்வாண்டே பிரித்தானிய வாகையர் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். ஆட்டத் தொடக்க நூல்களைப் பயின்று வளர்ந்தவர் அல்லர் என்பதால் தொடக்க நகர்வுகளில் தடுமாறுவதுண்டு. ஆயினும் நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அக்குறையை ஈடுசெய்தார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கப்பபிளாங்காவைத் தோற்கடித்தது இவரது மிகச் சிறந்த வெற்றியாகும். அப்போட்டியில் நெதர்லாந்தின் மாக்ஸ் ஏவ், கப்பபிளாங்கா ஆகியோரை அடுத்து மூன்றாம் இடம் பெற்றார். 1931இல் தார்த்தகோவரை நேருக்குநேர் தொடரில் வென்றார். மூன்று சதுரங்க ஒலிம்பியாட்டுகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார்.

1933 இறுதியில் தாயகம் திரும்பியபின் பன்னாட்டுப் போட்டிகளில் இவர் பங்கேற்கவில்லை. இவரிடம் தோற்ற தார்த்தகோவர், ரூபின்ஸ்டைன் இருவருக்கும் 1950இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது. சுல்தான் கானுக்கோ வாழ்நாளில் எப்பட்டமும் வழங்கப்படவில்லை. பாக்கித்தானின் சர்கோதாவில் காலமானார். 2024இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு இவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.