கையிலிருந்த தலைப்பாகை

தலைவன் கலங்கலாகாது, தன் காயத்தைப் பிறருக்குக் காட்டலாகாது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். காந்தியடிகளின் வாழ்வைச் சற்று உற்றுப் பாருங்கள். பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்குக்கு எழுந்து நின்ற அந்த இளம் பாரிஸ்டர், நாவெழாமல் உட்கார்ந்துவிட்டவர். அவர்தான் 1893-ல் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

டர்பன் நீதிமன்றத்தில் நீதவான் அவருடைய தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். அவர் மறுத்து வெளியேறினார். சில நாட்களுக்குள், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் புகைவண்டி நிலையத்தில் இரவு வேளையில் இறக்கிவிடப்பட்டார். நுவரெலியாப் பனியை அறிந்த உங்களுக்கு அக்குளிரை விளக்க வேண்டியதில்லை. அவருடைய மேலங்கி, நிலைய ஊழியர் எடுத்து வைத்த பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று அஞ்சிக் கேளாமலே நடுங்கிக்கொண்டிருந்தார். அவமானம் மனிதனை என்ன செய்கிறது பாருங்கள்! தனக்கு உரியதைக் கேட்கவும் துணிவற்றவனாக்கிவிடுகிறது. ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட அவ்விரவில் யோசித்தார்.

அவர் திரும்பவில்லை. 1894-ல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்தபோது, பிரதம நீதியரசர் கேட்க, தலைப்பாகையைக் கழற்றியும் வைத்தார். பெரிய போராட்டத்துக்காகச் சிறியதை விட்டுக்கொடுத்ததாக அவர் கருதினார். நண்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இதன்பின் சில மாதங்களில் ஒரு தமிழர் அவருடைய காரியாலயத்துக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம். நம் முன்னோர் கங்காணிமாரோடு மலையேறிய அதே காலத்தில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். எஜமான் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வழிய, அழுதுகொண்டு நின்றார். தலைப்பாகை கையில் இருந்தது. துரைமாருக்கு முன் தலைத்துண்டை அவிழ்த்து நின்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய உங்களுக்கு இது விளங்கும். காந்தியடிகள் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பினார். பிறகு நீதவானிடம் அழைத்துச் சென்றார். எஜமானைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. பாலசுந்தரத்தை அவனிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் சேர்ப்பித்தார். ஆயினும், தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி அவர் சொன்னதும், பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது முகம் மலர்ந்ததும்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. தலையில் பட்ட அவமானத்தைத் தாமே அனுபவித்திராத ஒருவருக்கு அந்தத் துணி கண்ணில் பட்டிருக்குமா?

1897 ஜனவரியில் டர்பன் தெருவில் வெள்ளையர் கூட்டம் அவரைக் கல்லால் அடித்தது. பொலிஸ் அதிகாரியின் மனைவி தம் குடையை விரித்துக் காத்தார். வழக்குத் தொடர அரசு முன்வந்தும் அவர் வேண்டாமென்றார்.

இவையெல்லாம் பிறர் செய்த காயங்கள். அவரே தமக்குச் செய்துகொண்டதும் ஒன்று உண்டு. 1885-ல், பதினாறு வயதில், நோயுற்ற தந்தையின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், சிற்றப்பா வந்ததும் தம் அறைக்குச் சென்றார். சில நிமிடங்களில் தந்தை இறந்துவிட்டார். அந்த வெட்கத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பின், நாடே தம்மைப் பின்தொடர்ந்த வேளையில், 1925 முதல் வார இதழில் எழுதிவந்த சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். அந்த மாசு தம்மைவிட்டு அகன்றதாக அவர் கூறவேயில்லை. ஆறாத காயம் வேறும் இருந்தது. மூத்த மகன் ஹரிலாலுடன் ஏற்பட்ட பிளவு கடைசிவரை சீராகவில்லை. ஊரார் துயரைக் கேட்ட செவிக்கு வீட்டார் துயர் எட்டாமற்போவதும் உண்டு போலும்.

அந்தச் சுயசரிதை வாராவாரம் வந்துகொண்டிருந்த 1927 நவம்பரில், கதர் நிதி திரட்ட அவர் இலங்கைக்கு வந்தார். கண்டிக்கும் பதுளைக்கும் ஏறி வந்து தோட்டத் தொழிலாளரிடமும் பேசினார். அன்று தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அவர் முன்னே நின்றவர்கள் எத்தனை பேரோ!