டாக்டர் ராஜினி

எங்க ஏரியூர் டீக்கடையில் ஈழத்துப் பேச்சு வந்தால் நீ யார் பக்கம் என்றுதான் முதல்ல கேட்பாங்க. நான் ராஜினி திராணகம பக்கம்.

1954-ல் பிறந்த யாழ்ப்பாணத்து டாக்டர். ஆரம்பத்தில் காயம்பட்ட புலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்தான். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்தவர் அங்கேயே தங்கிடாமல் 1986-ல் திரும்பி, யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் நடத்தினார்.

1987 அக்டோபரில் நம்ம நாட்டு அமைதிப்படை யாழ் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுட்டது. டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் செத்தாங்க. அந்தச் சண்டையில் பிழைத்த பெண்களிடம் நடந்ததைக் கேட்டு எழுதினார் ராஜினி. ராணுவம் செய்ததோடு, சொந்த இனத்துப் பையன்கள் செய்ததையும் மறைக்கலை. கொன்றவன் நம்மாள் என்பதால் கொலை நியாயமாகிவிடாது என்பது அவர் கட்சி. சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து எழுதிய அந்தப் புத்தகம்தான் முறிந்த பனை.

1989 செப்டம்பர் 21-ல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். பழி புலிகள் மேல். அவருக்கு வயது 35. பெண் குழந்தைகள் இரண்டு பேர்.