தெருவைத் திரைக்குக் கொணர்ந்தவர்

ஏழையைப் பற்றிக் கதை சொன்னவர் பலர். அந்த ஏழையையே அழைத்து வந்து திரையில் நிறுத்தத் துணிந்தவர் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா. இயற்பியல் படிக்கும் மாணவனுக்குத் திரைப்படக் கலைஞரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் வியக்கலாம். காரணத்தை இடையில் சொல்கிறேன். முதலில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

1901ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் சோரா என்னும் சிற்றூரில் டி சிகா பிறந்தார். தந்தை உம்பெர்தோ ஓர் எழுத்தர். பிழைப்புக்காகக் குடும்பம் நேபிள்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. வறுமையும் கூடவே வந்தது. கணக்கியல் படித்த மகன், வீட்டுச் சுமையைத் தாங்க அலுவலக வேலைக்குப் போனார். உள்ளமோ நாடக மேடையை நாடியது. 1923இல் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். எழிலான முகம், இனிய குரல்! 1932இல் காமெரினி இயக்கிய படத்தில் கார் ஓட்டுநராக நடித்துப் பாடியதும், இத்தாலி முழுவதும் அவர் பெயர் பரவியது.

அது முசோலினியின் ஆட்சிக்காலம். நாடு போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திரையிலோ பளபளக்கும் மாளிகைகள், கவலையறியாக் காதலர்கள்! 1940இல் இயக்குநரான டி சிகாவும் முதலில் இலேசான நகைச்சுவைப் படங்களையே எடுத்தார். செசாரே சவட்டினி என்ற எழுத்தாளரின் நட்பு அவரை வேறு பாதைக்குத் திருப்பியது. இருவரும் சேர்ந்து போர்க்காலத்தில் உருவாக்கிய படத்தின் பெயர், 'குழந்தைகள் நம்மைப் பார்க்கிறார்கள்'. பெற்றோரின் பிரிவைக் கண்டு வாடும் சிறுவனின் கதை அது. டி சிகாவின் கலைக்கு இந்தப் பெயரே திறவுகோல் என்பது என் கருத்து.

போர் முடிந்தது. உரோமின் பெரிய படப்பிடிப்பு நிலையமான சினசித்தா அகதிகளின் முகாமாயிற்று. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு, பணத்திற்கும் தட்டுப்பாடு. கலைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். 1945இல் ரோசெல்லினி 'உரோம், திறந்த நகரம்' என்ற படத்தைத் தந்தார். மறு ஆண்டு டி சிகா 'ஷூஷா' தந்தார். அமெரிக்கச் சிப்பாய்களின் பூட்சுகளுக்கு மெருகேற்றிய உரோமச் சிறுவர்களின் கதை அது. குதிரை ஒன்று வாங்க ஆசைப்பட்ட இரு நண்பர்கள் சிறுவர் சிறைக்குப் போய்ச் சீரழிகிறார்கள். சொந்த நாட்டில் படம் ஓடவில்லை. அமெரிக்காவோ சிறப்பு ஆஸ்கார் விருது அளித்தது.

1948இல் வந்தது 'சைக்கிள் திருடர்கள்'. வேலையில்லாமல் அலைந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது! மகன் புரூனோவுடன் நகரெல்லாம் தேடுகிறான். கடைசியில் மனம் உடைந்து தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய், மகனின் கண் முன்னே பிடிபடுகிறான். சைக்கிள்காரர் இரங்கி விட்டுவிடுகிறார். கூட்டத்தின் நடுவே அழுதபடி நடக்கும் தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்கிறான். படம் முடிகிறது.

இதற்கு ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். கேரி கிரான்ட் கதாநாயகனாக வேண்டும் என்பது நிபந்தனை. டி சிகா மறுத்துவிட்டார். ஆலைத் தொழிலாளியான மஜோரானியைத் தந்தையாக்கினார். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கண்டெடுத்த என்ஸோ ஸ்டாயோலா என்ற சிறுவனை மகனாக்கினார்.

இங்கேதான் என் காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. பள்ளி திறக்கும் மாதம் ஒன்றில், என் படிப்புச் செலவுக்குக் கடன் கேட்டு அவர் ஒருவர் வீட்டு வாசலில் நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏச்சு வாங்கியதை அருகில் நின்று பார்த்தேன். திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஏச்சைவிட, மகன் பார்க்கிறானே என்பதுதான் அவரை வாட்டியிருக்கிறது. உரோமில் ஒருவர் எடுத்த படம், என் அப்பாவை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது!

1952இல் வந்த 'உம்பெர்தோ டி' படத்தைத் தம் தந்தைக்கே டி சிகா காணிக்கையாக்கினார். ஓய்வூதியம் போதாமல், வாடகை கட்ட இயலாமல், ஒரு நாயுடன் தவிக்கும் முதியவரின் கதை அது. முதியவராக நடித்தவர் பேராசிரியர் ஒருவர். நாட்டின் வறுமையை உலகுக்குக் காட்டுகிறார் என்று, அரசில் திரைத்துறையைக் கவனித்துவந்த ஆண்ட்ரியோட்டி பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார். படம் பணத்தையும் ஈட்டவில்லை.

ஆனால் விதை தொலைவில் முளைத்தது. 1950இல் இலண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' பார்த்த சத்யஜித் ராய், 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார். இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழா 1952இல் பம்பாயில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தபோது டி சிகாவின் படமும் வந்தது. அதைக் கண்ட பிமல் ராய் 1953இல் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார்.

டி சிகா குறையற்றவர் அல்லர். சூதாட்டம் அவருடைய பெரும் பலவீனம். 1954இல் தாமே இயக்கிய 'நேபிள்ஸின் தங்கம்' படத்தில் சூதாட்டப் பித்துப் பிடித்த பிரபுவாக நடித்துத் தம்மையே கேலி செய்துகொண்டார்! பணத்துக்காக எத்தனையோ படங்களில் நடித்தார். சம்பாதித்ததைத் தமக்குப் பிடித்த படங்களில் போட்டார். 1960இல் வெளியான 'இரு பெண்கள்' படத்தின் வழியே சோபியா லாரனுக்கு ஆஸ்கார் பெற்றுத் தந்தார். 1970இல் எடுத்த 'பின்ட்ஸி காண்டினிகளின் தோட்டம்', முசோலினி ஆட்சியில் அழிந்த யூதக் குடும்பத்தைப் பற்றியது. அந்த ஆட்சிக்காலத்தில் நட்சத்திரமாக மின்னியவர், முதுமையில் அதன் கொடுமையைத் திரையில் பதித்தார். 1974 நவம்பர் 13ஆம் நாள் பாரிஸ் அருகே அவர் மறைந்தார்.

அந்தோனியோவாக நடித்த மஜோரானி, படம் முடிந்து ஆலைக்குத் திரும்பிச் சில காலத்தில் வேலையை இழந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. திரைப்படம் யாருக்கும் சோறு போட்டுவிடாது. ஆனால் தலைகுனிந்து நடக்கும் ஒரு மனிதனை ஏறெடுத்துப் பார்க்கக் கற்றுத் தரும். நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் 'சைக்கிள் திருடர்கள்' பாருங்கள். முடிந்தால், உங்கள் தந்தையாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.